அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை, குறை சொல்ல வரவில்லை. ஆனால் கடைசியில் "நோய் பரவியிருந்தால் ஹார்மோன் ஊசி மூலம் கட்டுப்படுத்தலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள்தான் நான் ஒன்றரை வருடமாகக் குடியிருக்கிறேன்.

எனக்கு வயது 63. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தொப்புளுக்குக் கீழே தடிமனான ஊசி ஒன்றைக் குத்தி, பென்சில் முனை போல ஒரு சின்ன மருந்துக் குச்சியைத் தோலுக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, விதையில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரப்பதையே நிறுத்திவிடும். இந்தப் புற்றுநோய்க்கு அந்த ஹார்மோன்தான் டீசல். லைனை அடைத்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான் கணக்கு. நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை அளவு எனக்கும் நன்றாகவே இறங்கியது. ஆனால் அதே லைனில்தான் எலும்பும் தசையும் தூக்கமும் மனசும் ஓடிக்கொண்டிருந்தன என்பதை யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது "கொஞ்சம் சூடு தெரியும், ஆசை குறையும், கவலைப்படாதீங்க" என்பது மட்டும். அதையும் என் மனைவி பில் கட்டப் போயிருந்த நேரத்தில் சொன்னார்.

மூன்றாவது மாதம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும். நெஞ்சில் கிளம்பி கழுத்து, முகம், உச்சந்தலை வரை குப்பென்று ஓர் அனல். பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வேர்வை, அது அடங்கியதும் உடம்பெல்லாம் நடுக்கம். ஹார்ட் அட்டாக் என்று நினைத்து மனைவியை எழுப்பினேன். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது எனக்குத் தீட்டு நின்னப்ப வந்ததுதாங்க" என்றாள். அவளுக்கு அது வந்த காலத்தில் "ஃபேனைக் கூட்டி வெச்சுட்டுப் படு" என்று சொல்லித் திரும்பிப் படுத்தவன் நான். அன்று ராத்திரி அவள் அதை நினைவுபடுத்தவில்லை. மறுநாள் காலை காபி கொடுக்கும்போது நினைவுபடுத்தினாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கேஸ் சிலிண்டரை ஒரு கையால் தூக்கி வைத்தவனுக்கு அதை உருட்டவே மூச்சு வாங்கியது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தது, எல்லைக்கோட்டில் இருந்த சர்க்கரை மாத்திரைக்குப் போனது. மார்பு லேசாக வீங்கியதால் வெளியே போகும்போது லூசான சட்டை. டிவியில் யாரோ யாருக்கோ கல்யாணம் செய்து வைத்தால் எனக்குக் கண்ணீர் வந்தது. இதையெல்லாம் வயசாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "ஆசை குறையும்" என்பது சரியான வார்த்தையே இல்லை. குறைந்தால் குறைந்தது என்றாவது தெரியும், இது அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோன மாதிரி. பக்கத்தில் உட்காரவே தோன்றாது. மனைவி தன்மேல் ஏதோ வெறுப்பு என்று பல மாதம் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மருந்தின் வேலை இது என்று இருவரையும் உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

பெரிய அடி எலும்பில். பாத்ரூமில் சாதாரணமாக வழுக்கினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்ததும், "ஹார்மோன் ஊசி போடுறீங்களா? டெக்ஸா ஸ்கேன் எடுத்தீங்களா?" என்று கேட்டார். அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்படுகிறேன். இந்தச் சிகிச்சையில் எலும்பின் அடர்த்தி குறையும் என்பதால் ஆரம்பத்திலேயே அந்த ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். இப்போது கால்சியம், வைட்டமின் டி, எலும்புக்கு என்று ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. அதைத் தொடங்கும் முன் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் அந்த ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

இது ஆண்கள் சமாச்சாரம் மட்டும் இல்லை. என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரப்பதைக் குறைக்க லெட்ரோசோல் மாத்திரை தினம் ஒன்று, ஐந்து வருடத்துக்கு. காலையில் விரல் மடங்காமல் தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை என்று யாரிடமும் சொல்லாமல் ரெண்டு மாதம் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள்! டாக்டருக்குத் தெரிந்ததும் திட்டிவிட்டு வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார், இப்போது தேவலை. முன்னாலேயே "மூட்டு வலி வரும், வந்தால் வந்து சொல்" என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நிறுத்தியிருக்கவே மாட்டாள்.

பக்கவிளைவைச் சொன்னால் நோயாளி பயந்து ஓடிவிடுவான் என்பார்கள். என் அனுபவத்தில் சொல்லாவிட்டால்தான் ஓடுகிறார்கள். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் புராஸ்டேட் புற்று அடங்கும் என்று சிகாகோவில் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் காட்டியது 1941-ல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-ல். அத்தனை பழைய வைத்தியத்தின் பக்கவிளைவை மணிக்கட்டு முறிந்துதானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒவ்வொரு தடவையும் ஊசிக்குப் பணம் புரட்ட முடியாமல் விதையை எடுக்கும் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு, அவர்களுக்கும் இதே கதைதான்.

ஊசியை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. அது இல்லாவிட்டால் இந்தக் கடிதமே இருந்திருக்காது. அனல் அடிப்பதற்குக்கூட மருந்து இருக்கிறது, கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். எனக்கு இப்போது பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தினமும் நடையும், வாரம் மூன்று நாள் மணல் நிரப்பிய பாட்டிலைத் தூக்கும் பயிற்சியும். சிலிண்டரைத் தூக்க இன்னும் முடியவில்லை, அரிசி மூட்டையை நகர்த்தும் அளவுக்கு வந்திருக்கிறேன். அடுத்த முறை இந்த நோயைப் பற்றி எழுதும்போது இதற்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்கிற மாதிரி, தயவுசெய்து.

ஒரு வேண்டுகோள். என் பெயரைப் போட வேண்டாம். இவ்வளவு எழுதிவிட்டு இது என்ன என்று மனைவியும் கேட்டாள். சின்ன மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெக்கானிக்,
திண்டுக்கல்