புளியரைத் தோப்பில் எங்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

புளியரை, செங்கோட்டை, பகவதிபுரம், ஆரியங்காவு ஊர்களில் எங்களுக்குத் துணை நின்ற எல்லாருக்கும் வணக்கம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள், பொங்கல் முடிந்த கையோடு புளியரையில் கூடினோம். நாகர்கோவில், திருநெல்வேலி, ராஜபாளையம், மதுரைப் பக்கத்திலிருந்தும், மலைக்கு அந்தப்புறம் புனலூர், கொல்லம் பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் வந்திருந்தன. எல்லாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டோம். மூட்டை முடிச்சுகளோடு கிளம்புகிற அவசரத்தில் உங்களிடம் முறையாகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி தோப்புக்கார அண்ணாச்சிக்கும் மதினிக்கும். கூட்டத்துக்கென்று வேறு ஓர் இடத்தைத்தான் முன்பணம் கொடுத்துப் பேசி வைத்திருந்தோம். "பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளா? நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் யார் பதில் சொல்வது?" என்று கடைசி நேரத்தில் அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பாதிப் பேர் ரயில் டிக்கெட் எடுத்து முடித்திருந்த நேரம் அது. தெரிந்தவர் ஒருவர் மூலமாக அண்ணாச்சியின் நம்பர் கிடைத்தது. வீட்டுக்கல்வி என்றால் என்ன, நாங்கள் ஏன் இப்படிச் செய்கிறோம் என்று நான் போனில் விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே மறித்து, "அதெல்லாம் நேர்ல வந்து சொல்லுங்க. எத்தன பேரு வாரீங்க, அதுல சின்னப் புள்ளைக எத்தன?" என்றார். மறுநாளே களத்தில் காய்ந்துகொண்டிருந்த கொப்பரையைக் கொட்டகைக்கு மாற்றி, களத்தைக் கழுவிவிட்டு, மேலே தார்ப்பாய் கட்டிவிட்டாராம். வாடகைப் பேச்சையே எடுக்க விடவில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது வீட்டு நடையில் பழைய நூல் சேலைகளில் கட்டிய தொட்டில்கள் தொங்கிக்கொண்டிருந்தன. "கைப்புள்ளைக்காரிக இருப்பாங்கல்லா" என்றார் மதினி. வந்த தாய்மார்களில் சிலர் கைக்குழந்தையோடு மூத்த பிள்ளைக்கும் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள். நிம்மதியாக உட்கார்ந்து ஒரு பேச்சை முழுசாகக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். மதினி, அது உங்களால்தான்.

இந்தக் கூட்டம் எங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பாடம் பெரிய சுமை இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் "எந்த ஸ்கூல், எத்தனாம் கிளாஸ்?" என்று ஆளாளுக்குக் கேட்பதற்குப் பதில் சொல்வதுதான் சுமை. திருநெல்வேலியிலிருந்து வந்த பையன் ஒருவனுக்குப் பதினான்கு வயது. தன்னைப் போலப் படிக்கும் இன்னொரு பிள்ளையை அவன் அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. முதல் நாள் மத்தியானம் வரைக்கும் அவனுடைய அப்பா பக்கத்தை விட்டு நகரவில்லை. சாயங்காலம் பார்த்தால் புனலூர்ப் பையன்களோடு வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக ஏதோ கடுமையான விவாதத்தில் இருக்கிறான். அவனுடைய அம்மா அதைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

எங்களுக்குச் சமைத்துப் போட்ட தவசிப்பிள்ளை அண்ணாச்சிக்கும் அவரோடு வந்த சித்திமார்களுக்கும் எப்படி நன்றி சொல்வது? காலையில் இடியாப்பம், மத்தியானம் சொதியும் இஞ்சிப் பச்சடியும், ராத்திரி கூட்டாஞ்சோறு. சொதிக்குத் தோப்புத் தேங்காயையே உரித்து, முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்தார்கள். பிள்ளைகள் அடுப்படிக்குப் போய் நின்றபோது விரட்டாமல், ஆளுக்கொரு தேங்காய் மூடியைக் கையில் கொடுத்துத் துருவச் சொன்னார்கள். முதல் பாலை ஏன் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், கொதிக்கவிட்டால் ஏன் திரிந்துபோகும் என்று என் மகள் இப்போது எங்களுக்கு வீட்டில் பாடம் நடத்துகிறாள்.

இரண்டாம் நாள் காலையில் சட்டம் பற்றியும் தேர்வு பற்றியும் பேச வந்த இரண்டு சகோதரிகளுக்கும் எங்கள் நன்றி. தென்காசியிலிருந்து வந்த வழக்கறிஞர் சகோதரி, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைக் கையிலேயே கொண்டு வந்திருந்தார். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்வதை அப்படியே வாசித்துக் காட்டினார். சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை என்பதையும், வீட்டுக்கல்வியைத் தனியாக அங்கீகரிக்கவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். எங்களைச் சந்தோஷப்படுத்த எதையும் மறைக்கவில்லை. பயமுறுத்தவும் இல்லை. இப்படி நேர்படச் சொல்லும் ஆள் கிடைப்பது அபூர்வம்.

நாகர்கோவில் அக்கா, தன் மகளை என்ஐஓஎஸ் என்று நாம் சொல்லும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வைத்தவர். 14 வயது நிறைந்திருக்க வேண்டும், மொழியோடு சேர்த்துக் குறைந்தது 5 பாடங்கள், ஏப்ரல்-மே ஒரு தேர்வு, அக்டோபர்-நவம்பர் இன்னொரு தேர்வு, ஒருதடவை பதிந்தால் 5 வருடம் வரை பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்து மாறியிருந்தால் என்ன செய்வது என்பது மாதிரி சின்னச் சின்னச் சிக்கல்களுக்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. சாப்பாட்டு நேரத்திலும் அவரைச் சுற்றி ஆட்கள்தான். அக்கா, அன்றைக்கு நீங்கள் ஆறிய சோற்றைத்தான் சாப்பிட்டீர்கள். மன்னிக்க வேண்டும்.

ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் வெட்டும் அண்ணனுக்கு, எங்கள் பிள்ளைகள் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். நானும் இங்கே சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் போய் இறங்கினோம். பனியில் மரங்களே சரியாகத் தெரியவில்லை. அவர் தலையில் கட்டிய லைட்டின் வெளிச்சம் மட்டும் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தது. வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் இந்த நேரம் என்றார். இடது பக்கம் மேலிருந்து வலது பக்கம் கீழாகச் சாய்த்து, பட்டையை மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டே வந்தார். கத்தி உள்ளே கட்டையில் பட்டுவிட்டால் மரம் காயப்பட்டு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடுமாம். ஒரு பெண்பிள்ளை பையிலிருந்து கோணமானியை எடுத்து வெட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். ஏறக்குறைய 30 டிகிரி. அவள் நிமிர்ந்து பார்த்ததும் அண்ணன் அடுத்த மரத்தையும் காட்டினார். அதற்கடுத்ததையும் காட்டினார். எல்லாம் அதே சாய்வுதான், அளவுகோல் எதுவும் இல்லாமல், இருட்டில், கைப்பழக்கத்தில். சிரட்டையில் முதல் சொட்டு விழுந்தபோது பிள்ளைகள் யாரும் பேசவில்லை.

வெட்டுக்கூலி, மழைக்காலத்தில் வேலை நின்றுபோவது, முதுகுவலி என்று அவர் தன் கஷ்டங்களையும் மறைக்காமல் சொன்னார். அண்ணே, முந்தின வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுபாலைச் சின்னவர்கள் உரித்து உருட்டி விளையாட விட்டீர்கள். அதுவும் உங்களுக்குக் காசுதான் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்து, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயாவுக்கு. இந்த மடலில் நான் அதிகமாகச் சொல்ல நினைத்தது அவரைப் பற்றித்தான்.

ஐயாவுக்கு வீட்டுக்கல்வியில் உடன்பாடு கிடையாது. அதைத் தெரிந்தேதான் கூப்பிட்டோம். அவரும் தெரிந்தேதான் வந்தார். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்த சமயத்தில் மலையடிவாரப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்த தலைமுறை. அப்படிப்பட்டவர் முன்னால், வசதியும் படிப்பும் உள்ள நாங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டோம் என்று சொல்லி உட்கார்ந்திருந்தோம். அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்க பள்ளிக்கூடத்துல எஸ்டேட்டுல வேலை பாக்குறவர் மகனும் கடைக்காரர் மகனும் ஒரே வரிசைல தட்டோட நின்னு, ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்க. உங்க வீட்டுக்கு வாரவங்க எல்லாம் உங்கள மாதிரி ஆட்கள்தானே? உங்க பிள்ளைக்கு அந்த வரிசை எங்க கிடைக்கும்?"

யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்தும் அதைப் பற்றித்தான் பேச்சு. என் பிள்ளைகளுக்கு வீட்டுக்கல்விதான் பொருத்தம் என்று நான் இன்றும் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் ஐயாவின் கேள்விக்குப் பதில் தேடாத வீட்டுக்கல்வி, சொந்தசாதி, சொந்தவசதி என்ற வேலிக்குள்ளேயே பிள்ளையை நிறுத்திவிடும். அதையும் இப்போது நம்புகிறேன். ராஜபாளையத்துக் குடும்பம் சனிக்கிழமைதோறும் தங்கள் தெருவில் உள்ள கிளை நூலகத்தில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். இன்னும் இரண்டு பையன்கள் ஊர்க் கபடிக் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள். இவ்வளவு போதாது என்று தெரியும் ஐயா. ஆரம்பித்திருக்கிறோம்.

ஐயா இன்னொன்றும் செய்தார். பத்து வயதாகியும் வாசிப்பு வராத ஒரு பையனின் அம்மா, தயங்கித் தயங்கி அவரிடம் போனார். எங்களில் பலர் அந்த அம்மாவிடம், "அவசரப்படாதீங்க, அவன் நேரம் வரும்போது படிப்பான்" என்றுதான் சொல்லிவந்தோம். ஐயா அவனைத் திண்ணையில் பக்கத்தில் உட்காரவைத்து, அன்றைய தினத்தாளைக் கொடுத்தார். தலைப்பை வாசித்தான். கீழே உள்ள சின்ன எழுத்துக்கு வந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்தான், பிறகு கிட்டே கொண்டுவந்தான், கண்ணைக் கசக்கினான். ஐயா தாளை மெதுவாக வாங்கி மடித்து வைத்துவிட்டு, "எழுத்தெல்லாம் தெரியுதும்மா இவனுக்கு. மொதல்ல கண் டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார். போன வாரம் அந்த அம்மா போன் செய்தார். பையனுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையைத் தேடி அது வராது, நாமேதான் அழைத்துப் போக வேண்டும். ஒரு வகுப்பறையில் வருடக்கணக்காக முகங்களைப் பார்த்துப் பழகிய கண், எங்கள் யாருக்கும் படாததை ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டது. ஐயா, அந்தக் குடும்பம் உங்களை மறக்காது.

கடைசி நாள் ரயில் பயணத்துக்கு உதவிய செங்கோட்டை ரயில் நிலைய ஊழியர்களுக்கும் நன்றி. செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து புனலூர் போகும் இந்தத் தடம், 1904இல் ரயில் ஓடத் தொடங்கி, 2018இல் அகலப் பாதையாக மாறியது. மலையேற்றத்துக்காகப் பின்னாலும் ஒரு என்ஜின் மாட்டித் தள்ளுவதைப் பிள்ளைகள் பிளாட்பாரத்திலேயே கவனித்துவிட்டார்கள். "இழுக்குற என்ஜினும் தள்ளுற என்ஜினும் எப்படிப் பேசிக்கும்?" என்று கேட்ட சின்னப் பையனுக்கு, வேலைக்கு நடுவிலும் நின்று பதில் சொன்ன அந்த ஊழியருக்குத் தனி வணக்கம். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்க ஒரே கூச்சல். உடன் பயணம் செய்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பதிமூணு வளைவுகள் உள்ள பதிமூணு கண் ரயில் பாலத்தை, திரும்பும்போது கழுதுருட்டியில் வேனை நிறுத்தி, கீழே ரோட்டிலிருந்து நன்றாகப் பார்த்தோம்.

வேன் ஓட்டிய தம்பிகள், ராத்திரி ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது உடனே வந்து பார்த்த நர்ஸ் அக்கா, கூட்டம் முடிந்தபின் களத்தையும் கழிவறையையும் எங்களோடு சேர்ந்து சுத்தம் செய்த ஆச்சிமார், பாய் தலையணை இரவல் கொடுத்த பக்கத்து வீடுகள், எல்லாருக்கும் எங்கள் நன்றி. இரவல் வாங்கியதில் ஒரு பித்தளைச் செம்பு மட்டும் யார் வீட்டுடையது என்று தெரியாமல் மதினியிடம் இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குடும்பங்கள் போட்ட பணத்தில் சாப்பாடு, வண்டி, தார்ப்பாய்ச் செலவெல்லாம் போகக் கொஞ்சம் மிஞ்சியது. அண்ணாச்சி அதை வாங்க மறுத்துவிட்டார். எல்லாரும் பேசி, உங்கள் ஊர் நூலகத்துக்குப் பிள்ளைகள் புத்தகங்களாக வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். புத்தகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கத் தலைமையாசிரியர் ஐயா சம்மதித்திருக்கிறார். சாரல் தொடங்குவதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
வீட்டுக்கல்விக் குடும்பங்களின் சார்பில்
ஒரு தாய்