சவுத் ஹெட்: வேலிக்கு உள்ளிருந்தே எல்லாம் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிட்னி துறைமுகத்தின் தென்முனையான சவுத் ஹெட் நடைபாதை பற்றித் தங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். தமிழில் இவ்விடத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதால் மகிழ்ச்சி. ஆனால் அதனுடன் வந்த படத்தில் ஒருவர் வேலியைத் தாண்டிப் போய், பாறை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்து நாலு பேர் அப்படிச் செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

அங்குள்ளது மணற்கல். மேலே நிற்பவருக்குக் கெட்டியான தளமாகத்தான் தெரியும். அடியில் நிலைமை வேறு. மணற்கல் அடுக்குகளுக்கு இடையே மென்மையான களிப்பாறை இருக்கிறது. அது முதலில் அரிபட்டுப் போகும். கல்லின் நுண்துளைகளில் புகுந்த கடல்நீர் காயும்போது உப்புப் படிகமாகி மணலை உதிர்க்கும். மேலடுக்கு தாங்க ஒன்றுமின்றி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். செங்குத்தான வெடிப்புகளில் மழைநீர் இறங்க இறங்க, என்றோ ஒருநாள் பாளமாகப் பெயர்ந்து விழும். விளிம்பில் இருப்பவருக்குத் தன் கீழே பாறை இருக்கிறதா, வெறும் காற்றா என்று தெரிய வழியே இல்லை.

இந்தக் கல்லின் குணத்துக்கு அந்தப் பாதையில் உள்ள மக்வாரி கலங்கரை விளக்கமே சாட்சி. பிரான்சிஸ் கிரீன்வே வடிவமைத்து 1818இல் ஒளியேற்றிய முதல் கோபுரம், மென்மையான மணற்கல்லால் கட்டப்பட்டதால் உதிரத் தொடங்கியது. இரும்புப் பட்டைகளால் இறுக்கிக் கட்டிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இப்போது நிற்பது ஜேம்ஸ் பார்னெட் வடிவமைத்த 1883ஆம் ஆண்டுக் கோபுரம்.

நடையையும் அங்கிருந்தே தொடங்குவது நல்லது. கட்டுரை சொல்வதுபோல் வாட்சன்ஸ் பே படகுத்துறையில் தொடங்கினால், மக்வாரி விளக்கு வரை ஏறிவிட்டு மறுபடி இறங்க வேண்டும். ஓல்ட் சவுத் ஹெட் சாலை வழியாகப் போகும் பேருந்தில் வந்து மக்வாரி விளக்கருகே இறங்கி வடக்கே நடந்தால் தி கேப் என்னும் செங்குத்தான கடற்பாறை வரை பெரும்பாலும் இறக்கம்தான். வலப்பக்கம் பசிபிக், இடப்பக்கம் துறைமுகம். தி கேப்பைப் பார்த்துவிட்டு வாட்சன்ஸ் பேக்கு இறங்கி, கேம்ப் கோவ் கடற்கரை வழியாக துறைமுக வாயிலில் உள்ள ஹார்ன்பி கலங்கரை விளக்கு வரை போனால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் போங்கள். கிழக்கு பார்த்த பாறைச்சுவர்மேல் அப்போதுதான் வெயில் விழும்; மேற்கே தெரியும் நகரமும் பாலமும் முன்வெளிச்சத்தில் தெளிவாக இருக்கும். மாலையில் இரண்டுமே நிழலாகிவிடும்.

இன்னொரு திருத்தம். வழிகாட்ட விளக்கே இல்லாததால் டன்பார் கப்பல் இங்கே பாறையில் மோதியது என்று எழுதியிருக்கிறீர்கள். மக்வாரி விளக்கு இருந்தது. சிக்கல், அது துறைமுக வாயிலில் இல்லாமல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருந்ததுதான். 1857 ஆகஸ்ட் 20 இரவு, புயல் மழையில், இரு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் தி கேப் பகுதியையே வாயில் என்று கப்பல்தலைவர் எண்ணியிருக்கலாம் என்கிறார்கள். 121 பேர் மாண்டனர். பாறையிடுக்கில் ஒண்டியிருந்த ஜேம்ஸ் ஜான்சன் என்ற மாலுமி மட்டும் பிழைத்தார். அதன் பிறகே, 1858இல், வாயிலின் ஓரத்திலேயே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஹார்ன்பி விளக்கு எழுந்தது. தி கேப்பில் நின்று தெற்கும் வடக்கும் பார்த்தால் அந்த ஏமாற்றம் எப்படி நேர்ந்திருக்கும் என்பது விளங்கும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில செய்திகள். கேம்ப் கோவுக்கு அப்பால் பழைய கல் பாவிய பாதை இருக்கிறது. மழை பெய்தால் வழுக்கும். அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும், செருப்பு உதவாது. அதையடுத்த லேடி பே, சட்டப்படி ஆடையின்றிக் குளிக்க அனுமதி உள்ள கடற்கரை. பாதை அதன் மேலாகப் போகிறது. கேமராவை அந்தப் பக்கம் திருப்பாமல் நடந்துவிடுங்கள். கோடையில் தென்காற்று திடீரென அடித்தால் சில நிமிடங்களிலேயே குளிர்ந்துவிடும். தொப்பிக்குக் கயிறும், தள்ளுவண்டிக்குப் பிரேக்கும், குழந்தைக்கு ஒரு கையும் அப்போது அவசியம். தேசியப் பூங்காப் பகுதியில் நாயை அழைத்துப் போகக் கூடாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

திமிங்கிலம் பார்க்க ஜூன், ஜூலை நல்ல மாதங்கள். கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் வடக்கே போகும் காலம். மேற்குக் காற்று வீசும் நாளில் கரையோரக் கடல் அடங்கியிருப்பதால் அவை ஊதும் நீராவி தொலைவிலிருந்தே தெரியும். வேலிக்கு உள்ளே நின்று பைனாகுலரில் பார்த்தாலே போதும். யாராவது விழுந்தால் தாங்களே இறங்க முயலாமல் அவசர உதவிக்கான 000 எண்ணை அழையுங்கள்.

ஹார்ன்பியிலிருந்து படகுத்துறைக்குத் திரும்ப அரை மணி நேரமாகும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் நேரம் மாறும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிட்னி