கிணற்று மோட்டாரில் தொடங்கு

திருநகர், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. முதல் வருஷ மெக்கானிக்கலுக்கு இங்கிலீஷ் எடுக்கச் சொல்லிவிட்டார்கள், 60 பேர், பாதிக்கு மேல் தமிழ் மீடியம், எங்கே தொடங்குவது என்று போனில் கேட்டாய். அது அஞ்சு நிமிஷப் பேச்சில் அடங்காது. எழுத்தில் இருந்தால் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

முதலில் காலக் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் ‘புரொஃபஷனல் இங்கிலீஷ்’ முதல் இரண்டு செமஸ்டரில்தான் வருகிறது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளை சொந்தமாக நாலு பக்கம் எழுத உட்காருவது கடைசி வருஷ புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குத்தான். நடுவில் எழுதுகிற லேப் ரெக்கார்டெல்லாம் சீனியர் நோட்டைப் பார்த்து இறக்குவது. ஆக உன் கையில் இருப்பது ஒரே வருஷம். அதில் முதல் மாதத்தை நவுன், புரோநவுன் என்று கரைத்துவிடாதே. அதைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டுக் காது புளித்துத்தான் வருகிறார்கள்.

2021-இலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு பொறியியலுக்கும் உண்டு. மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பக்கத்துப் பிள்ளைகள் அந்த வழியிலும் உன் வகுப்புக்கு வருவார்கள். விஷயம் தெரியாதவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே. பிளஸ் டூ பிசிக்ஸைத் தமிழில் ஒழுங்காகப் படித்தவர்கள். அவர்களிடம் இல்லாதது அந்த விஷயத்தைச் சொல்லும் இங்கிலீஷ் வாக்கியம். உன் வேலை அதுதான், அது மட்டும்தான். இலக்கியம் படித்த நமக்கு இது கொஞ்சம் சப்பென்று இருக்கும். இருக்கட்டும்.

முதல் நாள் ‘மைசெல்ஃப்’ சொல்லச் சொல்லாதே. அது மனப்பாடம், அதிலிருந்து உனக்கு ஒன்றும் பிடிபடாது. கிணற்று மோட்டாரை எப்படிப் போடுவது என்று பத்து நிமிஷத்தில் பத்து வரி எழுதச் சொல். கிணற்றுக்குள் இறங்குகிற சக்‌ஷன் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வ் தண்ணீருக்குள் இருக்கிறதா பார்ப்பது, தண்ணீர் வெளியே போகிற பைப்பில் டெலிவரி வால்வ் இருந்தால் மூடுவது, புனல் வழியாகத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவது, ஸ்விட்ச் போடுவது, வேகம் பிடித்ததும் வால்வை மெல்லத் திறப்பது: தோட்டத்துப் பிள்ளைக்கு இது கைப்பழக்கம். இப்போது நிறைய இடத்தில் நீர்மூழ்கி மோட்டார் வந்துவிட்டதால் தண்ணீர் ஊற்றுகிற வேலையே தெரியாதவன் இருப்பான். டவுன் பிள்ளையும் இருக்கும். தெரியாதவரைத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதச் சொல். நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேட்கும்போதுதான் கேள்வி வாக்கியம் தானாக வாயில் வரும்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தால் நோட்டுக்கு நோட்டு ஒரே வரி வந்துகொண்டிருக்கும்: ‘வாட்டர் இஸ் போரிங் இன் தி பம்ப்.’ (இங்கே ‘போர்’ என்றால் ஊற்றுவது.) இதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போனால் அடுத்த முறையும் இதே வரிதான் வரும். ஏன் வருகிறது என்று பார். தமிழில் ‘தண்ணி ஊத்தணும்’ என்கிறோம். யார் ஊற்றுவது என்று சொல்வதில்லை. ‘தண்ணியை’ என்று ஐ உருபும் போடுவதில்லை. செயப்படுபொருள் உருபில்லாமல் முன்னால் வந்து நிற்கிறது. பிள்ளை அதை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோகிறான். அங்கே முன்னால் நிற்பதெல்லாம் எழுவாய். தண்ணீர் தானே ஊற்றிக்கொள்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே ‘பாஸிவ் வாய்ஸ்’ என்ற பெயரையே முதலில் எடுக்காதே. ஒரே ஒரு கேள்வி கேட்கப் பழக்கு: ‘முன்னால் நிற்கிறதே, அதுவா இந்த வேலையைச் செய்தது?’ ஆமென்றால் வினைச்சொல்லின் கடைசியில் ‘இங்’. இல்லையென்றால் மூன்றாம் வடிவம்: ‘வாட்டர் இஸ் போர்ட் இன்டு தி பம்ப்.’ மோட்டார் ஓடுகிறது, அது தானே ஓடுகிறது, ‘இஸ் ரன்னிங்’. வால்வ் தானே மூடிக்கொள்ளாது, ‘இஸ் க்ளோஸ்ட்’. பத்து வினைச்சொல்லுக்கு வாயாலேயே இதைச் செய்ய வை. இரண்டு பீரியட் போகும், போகட்டும்.

அது பிடிபட்டதும் அதே மோட்டாரை மூன்று விதமாக எழுத வை. வேலையாளுக்குச் சொல்வது: ‘போர் வாட்டர் இன்டு தி கேசிங்.’ (கேசிங் என்பது பம்பின் வெளிக்கூடு.) பாடப்புத்தகம் சொல்வது: ‘வாட்டர் இஸ் போர்ட் இன்டு தி கேசிங்.’ ரெக்கார்டில் நேற்று செய்ததைப் பதிவது: ‘வாட்டர் வாஸ் போர்ட் இன்டு தி கேசிங்.’ இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் கலக்குவதுதான் ரெக்கார்ட் நோட்டுகளின் பெரிய வியாதி. புரொசீஜர் கட்டளையில் தொடங்கும், நடுவில் ‘வீ டேக் ரீடிங்’ என்று மாறும், கடைசியில் ‘வாஸ்’. செய்து முடித்ததற்கு இறந்தகாலம். ‘ஃபிகர் 3 ஷோஸ்’ என்று படத்தைக் காட்டும்போதும், எப்போதும் உண்மையாக இருப்பதைச் சொல்லும்போதும் நிகழ்காலம். இந்த அளவு போதும்.

இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதுவதும் ரெகமண்டேஷன் எழுதுவதும் சிலபஸிலேயே உண்டு. முன்னது கட்டளை, பின்னது ‘ஷுட்’. அதோடு விட்டுவிடாமல் விமானத் தொழில்காரர்களின் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் காட்டு. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக ஐரோப்பாவில் உருவாக்கிய எளிய தொழில்நுட்ப இங்கிலீஷ் ஒன்று இருக்கிறது. முதலில் வந்தது 1986-இல், இப்போது ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று பெயர். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐத் தாண்டக்கூடாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை. நிபந்தனை முன்னால், வேலை பின்னால். எச்சரிக்கை அந்தப் படிக்கு முன்னாலேயே வர வேண்டும். ‘ஸ்விட்சைப் போடு, போடும் முன் பம்பில் தண்ணீர் இருக்கிறதா பார்’ என்று வரிசைப்படி எழுதியவனிடம், படிக்கிறவன் முதல் பாதியிலேயே ஸ்விட்சைப் போட்டிருப்பானே என்று கேள். காற்று நிரம்பிய பம்ப் தண்ணீரை இழுக்காது, சீல் சூடேறிக் கெடும் என்று அவனுக்கே தெரியும். வாக்கிய வரிசை எதற்கு என்று அந்த இடத்தில் புரிந்துவிடும்.

அதே கட்டுப்பாட்டில் இன்னொன்று, பெயர்ச்சொற்களை மூன்றுக்கு மேல் அடுக்கக்கூடாது என்பது. ‘பம்ப் சக்‌ஷன் பைப் ஃபுட் வால்வ் லீக்கேஜ்’ என்று ரயில் பெட்டி மாதிரி கோர்ப்பார்கள். இதை அவிழ்க்க நம் பிள்ளைகளுக்குத் தமிழே கைகொடுக்கும். ‘தோட்டத்து மோட்டார் ரூம் சாவி’ என்றால் பேச்சு தோட்டத்தைப் பற்றியதில்லை, சாவியைப் பற்றியது. இங்கிலீஷ் அடுக்கிலும் கடைசிச் சொல்தான் தலை. பின்னாலிருந்து பிரிக்கச் சொல்: லீக்கேஜ், எதில், ஃபுட் வால்வில், அது எங்கே, சக்‌ஷன் பைப்பில்.

‘ஏ’, ‘தி’ பற்றி நீ கவலைப்படுவாய். முழுசாக ஒரு வருஷத்தில் வராது. ‘ஒரு’ என்று சொல்ல முடிகிற இடத்தில் ‘ஏ’, ‘மேலே சொன்ன அந்த’ என்று சொல்ல முடிகிற இடத்தில் ‘தி’, தண்ணீர், எண்ணெய், இரும்பு என்று பொதுவாகப் பேசினால் ஒன்றுமே வேண்டாம். முக்கால்வாசி இடம் இதிலேயே தேறிவிடும். மிச்சத்துக்கு மார்க் குறைக்காதே.

பன்மையில் மட்டும் விடாதே. ‘பத்து போல்ட் வாங்கிட்டு வா’ என்பது தமிழில் சரி; எண் வந்துவிட்டால் ‘கள்’ தேவையில்லை. அதனால்தான் ‘டென் போல்ட்’ என்று எழுதுகிறார்கள். ‘டென் போல்ட்ஸ்’ என்று திருத்திய மறுவாரமே அதன் மறுபக்கம் வரும்: ‘ஃபைவ் ஸ்டேஜஸ் பம்ப்’. எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடைமொழியாக நின்றால் பன்மை கிடையாது, ‘ஏ ஃபைவ்-ஸ்டேஜ் பம்ப்’. இரண்டையும் ஒரே நாளில் நடத்து. ‘எக்விப்மெண்ட்ஸ்’, ‘மெஷினரீஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ மூன்றையும் போர்டு மூலையில் எழுதிக் குறுக்கே ஒரு கோடு போட்டு, செமஸ்டர் முடியும் வரை அழிக்காமல் வை. அலகும் அப்படித்தான்: எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் இடைவெளி, கேஜிக்குப் பின்னால் எஸ் கிடையாது, கிலோவுக்குச் சின்ன கே. சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. ஒரு எழுத்தில் நூறு கோடி மடங்கு மாறிப்போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் மறக்க மாட்டார்கள்.

கிராஃப் பற்றி எழுத, அடுத்த வருஷம் அவர்களே போடப்போகிற பம்ப் கிராஃப் ஒன்றைச் சீனியரிடம் வாங்கிக் காட்டு. புள்ளிக்குப் புள்ளி கமெண்டரி சொல்லவே எல்லோருக்கும் கை போகும். மூன்று வாக்கியத்துக்கு மேல் எழுத விடாதே: எதற்கெதிராக எது வரையப்பட்டிருக்கிறது, மொத்தத்தில் கோடு எங்கே போகிறது, கண்ணில் படுகிற ஒரு எண், முடிந்தால் அதன் காரணம். டிஸ்சார்ஜ், அதாவது வெளியே வருகிற தண்ணீரின் அளவு, கூடக்கூட ஹெட், அதாவது தண்ணீரை ஏற்றுகிற உயரம், குறைகிறது, எஃபிஷியன்ஸி என்கிற செயல்திறன் ஒரு உச்சம் வரை ஏறி அப்புறம் இறங்குகிறது, அவ்வளவுதான் அந்தப் படம். ‘பை’யும் ‘டு’வும் இங்கே கட்டாயம் குழம்பும். ஹெட் 20 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்கு வந்தால் ‘ஃபெல் பை 5 மீட்டர்ஸ்’, ‘ஃபெல் டு 15 மீட்டர்ஸ்’. எஃபிஷியன்ஸி 40 சதவீதத்திலிருந்து 50-க்குப் போனால் அது 10 பர்சன்டேஜ் பாயின்ட், ஆனால் 25 சதவீத உயர்வு. இதில் வாத்தியார்களே வழுக்குவார்கள்.

சொல்வளத்துக்கு, மொழி ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட பட்டியல் உதவும். எல்லாத் துறைக் கல்வி எழுத்திலும் பொதுவாக வருகிற 570 சொற்குடும்பங்கள். கல்வி நூலில் சுமார் பத்தில் ஒரு சொல் இதற்குள் அடங்கும். வாரம் 20 என்றால் வருஷத்தில் முடியும். பட்டியலாக மட்டும் கொடுத்துவிடாதே, மனப்பாடம் செய்து மறுநாளே கொட்டிவிடுவார்கள். சொல்லை அதன் ஜோடியோடு கொடு: எக்ஸ்பெரிமெண்டை ‘கண்டக்ட்’, ரிசல்ட்டை ‘அப்டெய்ன்’, கிராஃபை ‘பிளாட்’.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வாய் திறக்கவும் பழக்க வேண்டும். மேலே நான் எழுதியிருக்கிற ‘போர்’ என்பதையே பார்: ஊற்றுவதற்கும் அதே எழுத்து, தோட்டத்தில் போடுகிற போருக்கும் அதே எழுத்து. கண்ணுக்கு ஒன்றாக இருப்பது வாயிலும் ஒன்றாகிவிடுகிறது. மெக்கானிக்கலில் ‘பின் ஃபின்’ (சூட்டைக் கடத்தி வெளியேற்றுகிற ஊசி மாதிரி உலோகத் துண்டு) என்றே ஒரு லேப் சோதனை வரும். இரண்டையும் ஒரே மாதிரி சொன்னால் கேட்கிறவருக்கு என்ன புரியும்? ஒரு சாண் நீளத்துக்கு ஒல்லியாகக் காகிதம் கிழித்து வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொல். ‘பம்ப்’பின் முதல் எழுத்துக்குக் காகிதம் துடிக்க வேண்டும். ‘போர்வெல்’லுக்குத் துடிக்கக் கூடாது, தொண்டையில் கை வைத்தால் அதிர வேண்டும். ‘ஃபின்’னுக்கு மேல்பல் கீழுதட்டில் படவேண்டும். சிரித்துக்கொண்டே செய்வார்கள், வகுப்பு சத்தமாக இருக்கும். பக்கத்து வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடு.

காப்பி அடிப்பது பற்றி. சோம்பலை விட வாக்கியம் வராததுதான் அதிகக் காரணம். ஒரு பத்தியைப் படித்து, மூடிவைத்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் சொல்லி, சொன்னதை இங்கிலீஷில் எழுதி, பிறகு திறந்து எண்களை மட்டும் சரிபார்க்கச் சொல். தமிழில் சொல்ல வரவில்லையா, புரியவில்லை என்று அர்த்தம். இப்படி எழுதினாலும் எங்கே எடுத்தது என்று, பொறியாளர் சங்கமான ஐஇஇஇ-யின் முறையில் சதுர அடைப்புக்குள் எண் போட்டாக வேண்டும். முதல் வரைவு வகுப்பிலேயே, கையெழுத்தில். செல்போன் எழுதிக் கொடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளட்டும்.

திருத்துவதில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. 60 நோட்டு, நோட்டுக்கு 5 நிமிஷம் என்றாலே 5 மணி நேரம். எல்லாத் தப்பையும் சிவப்பாக்கினால் அவர்கள் பார்ப்பது மார்க்கை மட்டும்தான். பதினைந்து நாளைக்கு ஒரு தப்பு என்று வைத்துக்கொள். இந்தப் பதினைந்து நாள் ‘இங்’ பிரச்சினை மட்டும். தப்பு இருக்கிற வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி வை, எது என்று அவர்களே தேடட்டும். நீ திருத்திக் கொடுத்தது கையில் தங்காது.

இன்னொன்று, உன் துறைத் தலைவரிடம் கேட்டுவிட்டு லேப் ஆசிரியரிடம் போய்ப் பேசு. அந்த வார எக்ஸ்பெரிமெண்ட் என்ன என்று தெரிந்தால் அதே புரொசீஜரை உன் பீரியடில் எழுத வைக்கலாம். அவருக்கும் ரெக்கார்ட் பார்க்கிற வேலை குறையும், அதனால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

சனிக்கிழமை வரும்போது அப்சர்வேஷன் நோட் நாலு வாங்கிக்கொண்டு வா. நன்றாக எழுதுகிறவர்களுடையது வேண்டாம், நடுத்தரமாக எழுதுகிறவர்களுடையது. ஆளுக்கு இரண்டாக வைத்துக்கொண்டு திருத்திப் பார்ப்போம். உன் கண்ணாடியை இந்த முறையாவது மறக்காமல் எடுத்துவா.

அன்புடன்,
அம்மா