வளவு எல்லோருக்கும் பொது: செட்டிநாட்டு வீடுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோனாபட்டு, இராயவரம் என்று செட்டிநாட்டின் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் ஏதோ ஒன்றில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. நீங்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறீர்கள். நான் காரைக்குடியில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வீடு மனை ஆலோசகராகத் தொழில் செய்கிறேன். அதில் பாதிக் காலம் சொத்துப் பிரச்சினைகளுக்குப் பதில் சொல்லும் பத்தியொன்றையும் வாராவாரம் எழுதி வருகிறேன். இரண்டு வேலைகளும் என்னை உங்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருப்பதால் இந்த மடலை எழுதுகிறேன். வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற பேச்சைத் தொடங்கும் முன்பு, இன்றைக்கு உயிரோடிருக்கும் பங்காளிகள் அனைவரும் சேர்ந்து அந்த வீட்டின் உரிமையைப் பதிவு செய்த ஆவணமாக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பட்டப்படிப்பை முடித்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் ஒரு பத்திர எழுத்தரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். பழைய பத்திரங்களைப் பார்த்துப் படி எடுப்பதுதான் முதல் இரண்டாண்டு வேலை. மங்கிய மையில் கூட்டெழுத்தாக எழுதிய வரிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். இன்றுவரை எனக்குப் பிடித்த வாசிப்பும் அதுதான். பிறகு மனை விற்பனைக்கு வந்தேன். 2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, வாங்கிய மனையை என்ன செய்வதென்று தெரியாமல் வாசகர்கள் எழுதிய கடிதங்கள் மேசையில் குவிந்தன. அந்த அலை ஓய்ந்த பின்னும் குறையாமல் வருவது ஒரே வகைக் கடிதம்தான்: "ஊரில் பூர்வீக வீடு இருக்கிறது, எனக்கு எவ்வளவு வரும்?"

அந்தக் கேள்விக்கு உரிய பதில் பெரும்பாலும் ஒரு பழைய பாகப்பத்திரத்துக்குள் இருக்கிறது. 1930களில் எழுதிய அப்படியொரு பத்திரத்தை ஒரு குடும்பத்துக்காக நான் வரிவரியாகப் படித்திருக்கிறேன். வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, சுற்றியிருக்கும் அறைகளை இங்கே "வீடு" என்றே சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். மூத்தவருக்கு வடக்குப் பத்தியில் மேற்கிலிருந்து முதல் இரட்டை வீடு, அடுத்தவருக்கு இரண்டாவது என்று அங்குலக் கணக்கோடு பிரித்த பிறகு ஒரு வரி வருகிறது: முகப்பும் பட்டாலையும் வளவு வாசலும் கிணறும் நடைபாதையும் பொதுவில் வைத்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அடுத்த ஷெட்யூலில், அதாவது சொத்து விவரப் பட்டியலில், பர்மாவிலிருந்த வயல்கள். நெல் விலை சரிந்த அந்தப் பத்தாண்டில், அங்கே கொடுத்திருந்த கடனுக்கு ஈடாகக் கைக்கு வந்த நிலங்கள் அவை; 1942-இல் ஜப்பானியர் நுழைந்ததும் பர்மாவை விட்டு வந்தவர்களுக்கு, 1948-இல் பர்மா அரசு நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்ததும் அந்த ஷெட்யூல் வெறும் எழுத்தாகிப்போனது. ஐந்து பேருக்குப் பிரித்த அந்தப் பத்திரத்தில் இன்று உயிரோடிருப்பது வீட்டு ஷெட்யூல் மட்டுமே; அதற்கு இப்போது நாற்பத்தொரு வாரிசுகள்.

வீடு எங்கே அழியத் தொடங்குகிறது என்பதற்கும் அந்தப் "பொதுவில்" என்ற சொல்லே காரணம். சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, முட்டையின் வெள்ளைக்கரு என்று அரைத்துப் பூசிய சுவர் நூறு ஆண்டைத் தாங்கும். ஆனால் தாழ்வாரத்து நாட்டு ஓடு இரண்டு உடைந்தால் போதும், ஐப்பசி மழை கைமரத்தில் இறங்கி, அடுத்த ஆண்டு மரச்சட்டத்தை மென்மையாக்கி, அதற்கடுத்த ஆண்டு ஆலங்கன்றை முளைக்கவைக்கிறது. அந்த ஓட்டை மாற்ற ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலி போதும். அது யாருடைய அறைக்கும் மேலே இல்லாமல் பொது வளவுக்கு மேலே இருப்பதால் யாரும் மாற்றுவதில்லை. செலவு செய்தவர் பிறகு உரிமை கொண்டாடுவாரோ என்று மற்றவர் அஞ்சுகிறார், செய்தவருக்கோ பணம் திரும்பாது. மனக்கசப்புள்ள குடும்பங்களில் மட்டும் நடப்பதில்லை இது. ஒற்றுமையான பங்காளிகளின் வீடுகளும் இப்படியே ஒழுகுகின்றன.

சட்டம் உங்களுக்கு எதிராக இல்லை, ஆனால் காத்திருப்பவருக்கு அது ஒவ்வொரு தலைமுறையிலும் கடினமாகிறது. பெண்மக்களுக்குச் சீர் செய்து அனுப்பிவிட்டோம், வீட்டில் பங்கு இல்லை என்ற பழைய எண்ணம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. 1989-இல் தமிழ்நாடு, அப்போது திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பாலேயே உரிமை உண்டு. அந்தத் தேதியில் தந்தை உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்தோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினையை இது தொடாது. வாய்மொழியாகவோ பதியாத சீட்டிலோ பிரித்துக்கொண்டவர்கள் அந்தப் பாதுகாப்பைச் சாதாரணமாக எதிர்பார்க்க முடியாது. பெண்மக்களான ஆச்சிமார்களின் கையெழுத்து இல்லாமல் செய்த விற்பனை பல ஆண்டு கழித்தும் வழக்கில் சிக்கக்கூடும் என்பதை நான் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அதைவிடவும், அந்த வளவில் பிறந்து வளர்ந்த பெண்ணைக் கேட்காமல் அந்த வளவை விற்பது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பிரிக்காத பங்கை வெளியாருக்கு விற்றுவிடலாம் என்று சிலருக்கு ஆலோசனை சொல்லப்படுகிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, குடும்பம் குடியிருக்கும் பிரிக்காத வீட்டில் பங்கு வாங்கும் வெளியாருக்குக் கூட்டாக அனுபவிக்கும் உரிமை கிடையாது. அவர் பாகப்பிரிவினை வழக்குத்தான் போட முடியும். அப்படிப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி மற்றப் பங்காளி அந்தப் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். விவரம் தெரிந்தவர் இதனாலேயே முழு விலை கொடுக்க மாட்டார். விவரத்தை வேறு வகையில் பயன்படுத்தத் தெரிந்தவர்தான் வாங்குவார்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் செய்துகொள்ளும் பாகப்பிரிவினைக்கும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் தீர்வை மிகவும் குறைவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு வெளிநாட்டிலிருந்து எழுதி அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். எழுதிக் கொடுத்தவர் காலமானால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. எண்பது வயதுப் பெரியவரின் கையெழுத்தை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போட்டவர்கள் இந்த வரியைத் தயவுசெய்து இரண்டு முறை படிக்க வேண்டும்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். 2003-இல் ஒரு வீட்டின் விற்பனைக்கு நான் இடைநின்றேன். வாங்கியவர் குடியிருக்கப்போவதாகச் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு தரப்பிலும் தரகு வாங்கிக்கொண்டேன். நான்கு மாதம் கழித்துத் தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் சொல்லித்தான் போய்ப் பார்த்தேன். ஓடுகளை இறக்கி அடுக்கியிருந்தார்கள். வளவின் தேக்குத் தூண்கள் சாக்கின்மேல் வரிசையாகக் கிடக்க, ஒருவர் நாடா பிடித்துக் கன அடி சொல்ல, இன்னொருவர் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். நிலையின் மேலிருந்த கஜலட்சுமியின் நெற்றியில் பழைய குங்குமம் அப்படியே இருந்தது. சுவரை இடித்துக்கொண்டிருந்த தொழிலாளி கடப்பாரையைச் சாய்த்துவைத்துவிட்டுத் துண்டால் தூசியைத் துடைத்தார். அந்தப் பூச்சில் அவர் முகம் தெரிந்தது. "இதுல கம்பி இறங்க மாட்டேங்குதுங்க" என்றார். அந்தத் தூண்களில் சிலவற்றை முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வாசலில் பின்னர் கண்டேன். விற்றவர்கள் மரத்தின் விலையைக் கணக்கிடவே இல்லை. மனைக்கான விலையை மட்டுமே பெற்றுக்கொண்டார்கள். அதைக் கணக்கிட்டுச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அதற்கப்பால் இடிப்புக்கான விற்பனை எதற்கும் நான் இடைநிற்பதில்லை. ஆனால் பத்தி எழுதத் தொடங்கிய முதல் ஆண்டுகளில், பராமரிக்க முடியாத பூர்வீக வீட்டை விற்றுப் பணத்தை நகரத்தில் போடுவதே நல்லது என்று சிலருக்கு எழுதியிருக்கிறேன். எல்லா வீட்டுக்கும் ஒரே விடை சொன்ன அந்தப் பதில்களை இந்த மடலில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டை வீடாகவே விற்கலாம், குத்தகைக்கு விடலாம். கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் ஆகிய வீடுகளில் இன்று விருந்தினர் தங்குகிறார்கள். அங்கே ஓடு மாற்றவும் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கவும் ஆள் இருக்கிறார்கள். அப்படி முதலீடு செய்ய வருபவர் என்னிடம் முதலில் கேட்பது தூண்களின் எண்ணிக்கையை அல்ல, கையெழுத்துப் போட எத்தனை பேர் என்பதை. தெளிவான பதில் இல்லாததால் திரும்பிப்போனவர்களை நானே ரயில் நிலையத்தில் விட்டு வந்திருக்கிறேன். 2014 முதல் செட்டிநாட்டின் ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் ஒரு தனியார் வீட்டின் இடிப்பைத் தடுக்காது. தடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பெண்மக்களையும் அவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து வம்சாவளியை ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியாகப் பதிவான பாகப்பத்திரத்தைத் தேடுங்கள். மூலம் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். ஊர்க் குடியிருப்பு நிலத்துக்கான நத்தம் பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று பாருங்கள். இறந்த பாட்டனார் பெயரிலேயே இருப்பதுதான் இங்கே வழக்கம். அதன்பின் அறைகளைப் பிரிப்பதோ, ஒருவருக்கு மற்றவர்கள் விடுதலை எழுதிக் கொடுப்பதோ, எல்லோரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைப்பதோ உங்கள் விருப்பம். எதைச் செய்தாலும் பொது வளவின் பராமரிப்பை யார் பார்ப்பது, செலவை எப்படிப் பகிர்வது என்று அதே பத்திரத்தில் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். உங்கள் பாட்டனார் காலத்துப் பத்திரங்களில் அந்த ஒரு பத்திதான் விடுபட்டுப் போயிருக்கிறது.

முன்னோரை வணங்கும் படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். ஆண்டில் பங்காளிகள் ஒரே பந்தியில் உட்காரும் நாள் அதுதான். அன்றைக்கு மாலையில் பெட்டகத்திலிருக்கும் பத்திரக்கட்டை வளவில் வைத்துப் பிரியுங்கள். கூட்டெழுத்தைப் படிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். அளவு நாடாவோடு வருகிறேன். அந்த ஒரு நாளுக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரனான ஒரு வீடு மனை ஆலோசகன்,
காரைக்குடி