சாய்ஸ் லிஸ்டைப் பிள்ளை போடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துறையூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையும் அதோடு சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் சென்டரும் நடத்துகிறேன். மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாளில் தொடங்கினால் ஆகஸ்ட் கடைசி வரை என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காலேஜ் சேர்க்கைக்காக வருகிறவர்கள்தான். சாதிச் சான்றிதழ் ஸ்கேன் பண்ண, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்கிற சான்றுக்கு விண்ணப்பிக்க, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிய, அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் போட என்று வருவார்கள். காத்திருக்கும் நேரத்தில் உங்கள் நாளிதழைப் புரட்டுவார்கள். அந்த வாரங்களில் பாதிப் பக்கம் கல்லூரி விளம்பரம், மீதியில் எந்தக் கோர்ஸுக்கு எதிர்காலம் என்று கட்டுரை. வீட்டில் அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. நான் அதைத் தினமும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கும். அதில் அப்பா உட்காருவார். அவருக்குப் பின்னால் மாமாவோ, ஏற்கெனவே இன்ஜினியரிங் முடித்த சொந்தக்காரப் பையனோ நிற்பார்கள். படிக்கப்போகிற பிள்ளை வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். "என்ன குரூப் பாப்பா படிச்ச?" என்று கேட்டால் அப்பா பதில் சொல்வார். "கட் ஆஃப் எவ்வளவு தம்பி?" என்றால் மாமா சொல்வார். மதிப்பெண் வாங்கியது பிள்ளை, நாலு வருஷம் உட்கார்ந்து படிக்கப்போவதும் பிள்ளை. ஆனால் கவுன்சிலிங்கில் வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிகிற சாய்ஸ் லிஸ்டில் எந்தக் கல்லூரி முதலில், எது பத்தாவதில் என்று சொல்லும்போது பிள்ளையின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அதனால் இப்போதெல்லாம் அந்த நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுகிறேன். சில அப்பாக்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

போன வருஷம் ஒரு பெண் வந்தாள். அரசுப் பள்ளி, நல்ல மார்க். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருவாள். அப்பா சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரி, பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்கிறது, அதை மட்டும் போட்டால் போதும் என்று வந்திருந்தார். "பொம்பளப் புள்ளைய மெட்ராஸுக்கு அனுப்பிட்டு நாங்க எங்கங்க தூங்குறது?" என்றார். அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கவில்லை. அந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேருகிற பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம் மட்டுமல்ல, ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 2021-ல் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் வேறு இருக்கிறது. "ஹாஸ்டல் சாப்பாட்டுக்குமா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள், இன்னும் நாள் இருக்கிறது என்று அனுப்பினேன்.

மறுநாள் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளோடு வந்தார்கள். அவள் கையெழுத்து. சென்னை கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி முதலில், அப்புறம் கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜி.சி.டி., அப்புறம் திருச்சியில் அண்ணா பல்கலைக்கழக பி.ஐ.டி. வளாகம், ஸ்ரீரங்கம் அரசு இன்ஜினியரிங் கல்லூரி. கடைசியில், அப்பாவுக்காக, அந்த பஸ் வருகிற கல்லூரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே போன வருஷம் எந்தக் கட் ஆஃபோடு அந்தப் பிரிவு முடிந்தது என்று எழுதியிருந்தாள். கோயம்புத்தூர் கிடைத்தது. ஹாஸ்டலில் விட அப்பாவே போய் வந்தார்.

இதில் பெற்றோர் பலருக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் கிடைக்கிற கல்லூரியும் கைவிட்டுப் போகும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரேங்க் வரிசையில் உங்கள் பிள்ளையின் முறை வரும்போது, லிஸ்டில் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இடம் இருக்கிற முதல் கல்லூரி ஒதுக்கப்படும். மேலே போட்டது இல்லையென்றால் அடுத்தது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் வரிசையைத் தப்பாகப் போட்டால் அதற்கு மருந்து கிடையாது. எது கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அதை முதலில் வைத்தவருக்கு அதுதான் கிடைக்கும், அதைவிட நல்லது காலியாக இருந்தாலும். ஆகவே பிள்ளைக்கு எது அதிகம் பிடிக்குமோ அது மேலே, எது போதுமோ அது கீழே. பிடிக்கும் என்பதைப் பிள்ளைதானே சொல்ல வேண்டும்? 200-க்கு எடுத்த கட் ஆஃப் அதைச் சொல்லாது, மாமாவும் சொல்ல முடியாது.

கல்லூரி ஒதுக்கப்பட்ட பிறகும் வீட்டில் அவசரப்படுத்துகிறார்கள். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, மேலே இருக்கிற சாய்ஸ் காலியானால் அதற்குப் போகிறேன் என்று காத்திருக்க வழி இருக்கிறது. 'வந்ததை விடாதே, உடனே சேர்ந்துடு' என்று வீட்டில் பெரியவர்கள் நெருக்குவார்கள். திரையில் வருவதை முழுசாகப் படிக்காமல் முதல் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். உறுதி செய்யக் கொடுப்பது இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளில் ஒரு மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்தால் போதும்.

இப்போது தனியார் கல்லூரிகள் அனுப்புகிற வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிசல்ட் வந்த இரண்டாம் நாளே பிள்ளையின் போன் நம்பர் எப்படியோ யாரிடமோ போய்விடுகிறது. "சார், கேம்பஸ் பார்க்க இலவச வேன், மதியச் சாப்பாடு" என்று அழைப்பு. போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. திரும்பி வரும்போது ஒரிஜினல் சான்றிதழ்கள் அங்கேயே இருக்கும், ஐயாயிரமோ பத்தாயிரமோ அட்வான்ஸும் இருக்கும். சிலர் கவுன்சிலிங் பதிவையே தங்கள் மொபைல் நம்பரில் போட்டுவிடுகிறார்கள். கேட்டால், 'உங்களுக்கு அலைச்சல் எதுக்கு?' என்பார்கள். ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும். லிஸ்டில் முதல் இடத்தில் தங்கள் கல்லூரியின் நாலு இலக்கக் குறியீட்டைப் போட்டு லாக் செய்வதும் அவர்களே. அப்படி வந்த ஒரு பையனுக்கு என் கடையில் பாஸ்வேர்டை மீட்டு எடுக்க ஒரு பகல் முழுக்கப் போனது. சான்றிதழைத் திருப்பி வாங்க அவன் அம்மா அந்தக் கல்லூரிக்கு எத்தனை முறை அலைந்தார் என்று எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். ஒரிஜினலைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்துகிற ஏ.ஐ.சி.டி.இ.-யின் விதி. இது தெரிந்து பேசுகிற அப்பாவிடம் அவர்கள் குரல் தணிந்துவிடுகிறது.

இன்னொன்று, அந்த வேனில் ஏறி, கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்கிற மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கிடையாது, 7.5 சதவீதமும் கிடையாது. இரண்டும் கவுன்சிலிங் வழியாகப் போகிறவர்களுக்குத்தான். குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசல் மிதிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, சிலர் ரிசல்ட்டுக்கு முன்பே, பிப்ரவரியிலேயே, அப்படி சீட் புக் பண்ணிவிட்டு வந்து என்னிடம் முதல் பட்டதாரிச் சான்று கேட்கிறார்கள்.

பணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் நேராகப் பேசுகிற அப்பாக்கள் ரொம்பக் குறைவு. "நீ படி, கடன உடன வாங்கியாவது கட்டுறேன்" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. மூன்றாவது செமஸ்டரில் ஃபீஸ் கட்ட முடியாமல் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வராதபோது, அந்தப் பிள்ளை என் கடையில் நின்று பேங்க் லோன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்கிறது. எங்களால் வருஷத்துக்கு இவ்வளவு முடியும், இதற்கு மேல் போனால் நிலத்தை வைக்க வேண்டும், கல்விக்கடன் வாங்கினால் உன் பெயரோடு என் பெயரும் சேரும் என்று ஜூன் மாதமே சொல்லிவிட்டால் பதினேழு வயதுப் பிள்ளைக்குப் புரியாமல் போகாது. அந்தத் தொகைக்குள் அதுவே தேடிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து பிள்ளைகள் இதில் பெற்றோரைவிடச் சிக்கனம்.

அப்புறம், இன்ஜினியரிங் மட்டுமே உலகம் என்று மற்ற கதவுகளை மூடிவிடாதீர்கள். வேளாண் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவப் படிப்பு, சட்டக் கல்லூரி, நர்சிங், அரசு கலைக் கல்லூரி எல்லாவற்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசித் தேதி. இன்ஜினியரிங் கவுன்சிலிங் முடிவதற்குள் அவற்றில் பல முடிந்துவிடும். ஒரு பையன் வரலாறு படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவனுக்கு அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் போட்டுத்தரச் சொல்லி அம்மா தனியாக வந்து, "அவரு கேட்டா ஜெராக்ஸ் எடுக்க வந்தோம்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

என் மூத்தவன் பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்தான் போவேன் என்றான். நானும் வீட்டுக்காரம்மாவும் இரண்டு மூன்று பாலிடெக்னிக்குகளை நேரில் பார்த்துவிட்டு வந்து அவன் சொன்னதிலேயே சேர்த்தோம். டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தான், இப்போது ஓசூரில் வேலை. சொந்தக்காரர்கள் அப்போது பேசிய பேச்சு கொஞ்சமா?

அந்தப் பேச்சைப் பிள்ளையின் காதில் விழாமல் தடுப்பது அம்மா அப்பா செய்யக்கூடிய பெரிய உதவி. 2017-லேயே ப்ளஸ் டூ ரிசல்ட்டில் மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. ஊர் நிறுத்தவில்லை. "உங்க பையன் எவ்வளவு?" என்று போன் வந்தால் "பாஸ் பண்ணிட்டான், சந்தோஷமா இருக்கோம்" என்று வைத்துவிடலாம். மார்க் குறைந்து, சாப்பிடாமல், பேசாமல் அறைக்குள் கிடக்கிற பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

சரி, அப்பா அம்மா வேறு என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பிள்ளை குறித்துக்கொடுத்த கல்லூரிகளில் நாலைந்தை ஒரு சாதாரண வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். வேனில் போகாதீர்கள், பஸ்ஸில் போங்கள். வாசலில் டீக்கடையில் நிற்கிற மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாடம் நடத்துகிற வாத்தியார் வருஷா வருஷம் மாறுகிறாரா, லேபில் நீங்களே மெஷினைத் தொடுகிறீர்களா. ஒரே பேராசிரியர் பெயரைப் பல கல்லூரிகளில் முழுநேர ஊழியராகக் காட்டியது 2024-ல் வெளியே வந்ததே, அதன் பிறகு வெப்சைட்டில் இருக்கிற ஆசிரியர் பட்டியலை மட்டும் நம்ப முடியாது. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். வருமானச் சான்று, இருப்பிடச் சான்றுக்கு ரிசல்ட் வரும்வரை காத்திராமல் ஏப்ரலிலேயே இ-சேவையில் விண்ணப்பியுங்கள். இதெல்லாம் பெரியவர்கள் வேலை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஜூனில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். கவுன்சிலிங்கில் எந்தச் சுற்று எந்தத் தேதி, பக்கத்து உதவி மையம் எங்கே, எந்த ஒதுக்கீட்டில் என்னென்ன கட்டணத்தை அரசு கட்டுகிறது, சான்றிதழைத் தராத கல்லூரியைப் பற்றி எங்கே புகார் செய்வது என்று நல்ல பெரிய எழுத்தில் போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் கல்லூரி விளம்பரம் வேண்டாம். அந்தப் பக்கத்தைக் கடைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன். அதை ஜெராக்ஸ் கேட்கிறவர்களிடம் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
க. செ.,
துறையூர், திருச்சி மாவட்டம்