பத்து ஆராங் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். மலேசியாவின் பழைய நிலக்கரிச் சுரங்க ஊரான பத்து ஆராங்குக்குச் சென்ற மாதம் போன பயணத்தில் என்ன நடந்தது என்று பேருந்தில் வந்த எல்லாருக்கும் தெரியும். நீங்களோ குழுவில் படங்களை மட்டும் பகிர்ந்துவிட்டு அமைதியாகிவிட்டீர்கள். அதனால்தான் இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

பழைய புகைபோக்கி படத்தில் முழுதாகத் தெரிய வேண்டும் என்று தார்ச்சாலையை விட்டுப் புதருக்குள் அழைத்துப் போனீர்கள். அங்கேதான் என் அம்மாவின் வலது கால் முழங்கால்வரை மண்ணுக்குள் இறங்கியது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள், காலணி வரவில்லை. அந்தத் துளைக்குள் கையிலிருந்த குடையை விட்டுப் பார்த்தேன், அடி தட்டவில்லை. தன் அப்பா கரி வெட்டிய ஊரைப் பார்க்க ஆசையாக வந்தவர், இப்போது எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்தரையைக் கடக்கக்கூட என் கையைப் பிடிக்கிறார்.

“1960லேயே மூடிய சுரங்கம்மா, விழ வேண்டியதெல்லாம் விழுந்திருக்கும்” என்றார் உங்கள் வழிகாட்டி அண்ணன். சுரங்க ரயில் கட்டுமானத்தில் நில அமிழ்வை அளப்பது என் பிழைப்பு. அந்தத் துணிச்சலில் சொல்கிறேன், அவர் சொன்னது தவறு.

கரி வெட்டும்போது கூரையைத் தாங்க நடுநடுவே கரித்தூண்களை விட்டுவைப்பார்கள். சுரங்கம் மூடிய பின் நீர் புகும், தூண்கள் உதிரும், முட்டுக்கொடுத்த மரம் மக்கும், கூரைப்பாறை அடுக்கடுக்காக விழத் தொடங்கும். உடைந்த பாறை கூடுதல் இடத்தைப் பிடிப்பதால், ஆழத்தில் என்றால் பொந்து தானே அடைபட்டு இடிவு நின்றுவிடும். பொதுவாகக் குடைந்த உயரத்தைப் போல் 3 முதல் 5 மடங்குவரை அந்த இடிவு மேலேறும். சில இடங்களில் 10 மடங்கையும் தொடும். மேலே அவ்வளவு பாறை இல்லாத இடத்தில் அடைபடும் முன்பே குழி தரைக்கு வந்துவிடும். மூடிப் பல பத்தாண்டுகள் கழித்தும் வரும். ஒரு கனமழை போதும்.

ஆகவே என் கோரிக்கை: பழைய சுரங்க வரைபடத்தைப் பார்க்காமல் யாரையும் சாலையை விட்டு இறக்காதீர்கள்.

2025 ஜூலையில் சிங்கப்பூரில் தஞ்சோங் காத்தோங்கில் சாலை உள்வாங்கி ஒரு கார் விழுந்தபோது, கயிறு போட்டு அதை ஓட்டிவந்த பெண்ணைத் தூக்கிய ஊழியர்களை நாம் எவ்வளவு கொண்டாடினோம்! அந்தக் காணொளியை இதே குழுவில் எத்தனை பேர் பகிர்ந்தார்கள்! மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டியதும் மண் வேறாகிவிடுமா? பதிவுப் படிவத்தில் சைவமா அசைவமா, சன்னலோர இருக்கை வேண்டுமா என்றெல்லாம் கேட்டீர்கள். காலடியில் சுரங்கம் இருக்கிறது என்று சொல்ல ஒரு வரிக்கு இடமில்லை. நாசி லெமாக் மட்டும் நேரத்துக்கு வந்தது, நன்றி.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பயணமே கூடாது என்று சொல்லவில்லை. வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், அதுவரை தார்ச்சாலையோடு நில்லுங்கள், வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று பணிவுடன் கேட்கிறேன்.

அடுத்த பயணத்துக்கும் இரண்டு இருக்கைக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். இந்த மாத இறுதிக்குள் பதில் வந்தால் வருகிறோம். இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
பேருந்தில் மூன்றாம் வரிசையில் வந்தவன்