பெட்டியைத் திறந்ததும் ஒழுங்குபடுத்திவிடாதே

அன்புள்ள கண்ணுக்கு,

கல்லூரி ஆவணக் காப்பகத்தில் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். வாழ்நாளில் பாதியைப் பழைய கோப்புகளோடு கழித்தவள் நான். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமா இது? அதனால்தான் எழுதுகிறேன்.

நாள் முழுக்க கிளிப் கழற்றுவதுதான் வேலை, அலுப்பாக இருக்கிறது என்றாய். அந்த வேலையைச் சாதாரணமாக நினைக்காதே. துருப்பிடித்த கிளிப்பை ஒரு நாளும் இழுத்து எடுக்கக் கூடாது. துரு தாளோடு ஒட்டிப் போயிருக்கும். இழுத்தால் தாளும் கூடவே வரும். தாளை மேசைமேல் படுக்க வை. முன்னும் பின்னும் கிளிப்புக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை மெதுவாக நுழை. நீளமான வளைவை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, குட்டை வளைவை மேலே நிமிர்த்து. அப்புறம் கிளிப் தானாகக் கையோடு வந்துவிடும். ஸ்டேப்லர் பின்னுக்கும் அதே நிதானம் வேண்டும்: தாளைத் திருப்பி, பின்னின் இரண்டு கால்களையும் நிமிர்த்திவிட்டு எடு.

பேனாவைப் பையிலேயே விட்டுவிடு, பென்சில் மட்டும் போதும். சினிமாவில் காட்டுகிற வெள்ளைப் பருத்திக் கையுறை சாதாரணத் தாளுக்கு வேண்டாம். அதைப் போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழித்துவிடுவாய். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். போட்டோவுக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் நைட்ரைல் என்ற மெல்லிய செயற்கை ரப்பர் கையுறை. பெட்டியில் செய்தித்தாள் துண்டுகள் இருந்தால் மேலாளரிடம் காட்டிச் சொல்லிவிடு. அதிலுள்ள அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கிவிடும். பழைய ஃபேக்ஸ் தாள் இருந்தாலும் சொல்லிவிடு, நகல் எடுக்காவிட்டால் எழுத்தே மங்கிப் போய்விடும்.

சரி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். நீ சின்ன வயதிலிருந்தே எதையும் அடுக்கி வைக்கிற பிள்ளை. அங்கே ஒரு பெட்டியைத் திறந்ததும் உன் கை பரபரக்கும்: கடிதமெல்லாம் ஒரு பக்கம், கணக்கெல்லாம் ஒரு பக்கம், தேதிவாரியாக... செய்யாதே. அந்தத் தாள்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அந்த வரிசையும் ஓர் ஆவணம்தான்.

ஒரு மாணவர் சங்கத்தின் பெட்டி என்று வைத்துக்கொள். செயலாளரின் ராஜினாமாக் கடிதம் கடிதக் கோப்பில் இல்லாமல், கணக்குக் கோப்பில் ஒரு ரசீதுக்குப் பின்னால் இருக்கிறது. கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அதைக் கொண்டுபோய் அந்த ரசீதோடு வைத்தவர் ஏதோ தெரிந்துதான் வைத்திருக்கலாம். நீ அதை எடுத்துத் தேதிவாரியாகக் கடிதங்களோடு சேர்த்துவிட்டால், பின்னால் வந்து தேடுகிறவருக்கு அந்தத் தடயமே கிடைக்காது. கலைத்துவிட்டாய் என்பதும் யாருக்கும் தெரியாது.

இது என் சொந்தக் கொள்கை இல்லை. ஓரிடத்திலிருந்து வந்த ஆவணங்களை வேறெதோடும் கலக்காமல் ஒன்றாகவே வைக்க வேண்டும் என்று 1841இலேயே பிரான்சில் சுற்றறிக்கை போட்டார்கள். 1898இல் முல்லர், ஃபெய்த், ஃப்ரூயின் என்ற மூன்று டச்சுக் காப்பாளர்கள் எழுதிய கையேடு, உள்ளே இருக்கிற பழைய வரிசையையும் மதிக்கச் சொன்னது. இன்றைக்கும் இந்தத் தொழில் அதன்மேல்தான் நிற்கிறது. சில பெட்டிகளில் வரிசை என்று ஒன்றுமே இருக்காது, வீடு காலி செய்யும்போது அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். அப்போது புதிதாக அடுக்கலாம். ஆனால் அதை நீ முடிவு செய்யாதே, உன் மேலாளரிடம் கேள். புதிதாக அடுக்கியது என்பதைக் குறிப்பிலும் எழுது.

பட்டியல் எழுதும்போது 'இதர' என்ற தலைப்பைத் தவிர்க்கப் பார். அந்தத் தலைப்புக்குள் போனதை யாரும் தேடி எடுக்கப் போவதில்லை. யார், என்ன, எந்த வருஷம் என்று எழுது. நீயாகக் கண்டுபிடித்துச் சேர்த்த பெயரோ தேதியோ இருந்தால் சதுர அடைப்புக்குள் போடு. தாளில் இருந்தது எது, நாம் சேர்த்தது எது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. மதிப்பெண், மருத்துவச் சான்று, ஒழுங்கு நடவடிக்கை என்று பலருடைய வாழ்க்கை உன் கைக்கு வரும். அதில் இருப்பவர்கள் இன்னும் உயிரோடு இருப்பார்கள். உன் தோழியின் அம்மாவாகக்கூட இருக்கலாம். அறைத்தோழியிடம் பேச்சுவாக்கில்கூடச் சொல்லாதே, போனில் படம் எடுக்காதே. என்னிடமும் சொல்ல வேண்டாம். இந்த விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பு, உனக்குத் தெரியும்.

பூஞ்சை வாடை அடித்தாலோ, தாளில் பஞ்சு மாதிரி எதையாவது பார்த்தாலோ, உடனே பெட்டியை மூடித் தனியாக வைத்துவிட்டு மேலாளரைக் கூப்பிடு. தட்டிப் பார்க்காதே, ஊதாதே. உனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்பதையும் அவரிடம் முன்னாலேயே சொல்லி வை.

அன்புடன்,
அம்மா